நானா யோப்பின் செருப்பு

பொறுமை விடுதியில் இரண்டு முட்டை பொரித்து வாங்க இப்போதெல்லாம் மூன்று பேர் வேண்டியிருந்தது.

அந்தப் புதன்கிழமை காலை முட்டை கேட்டவர் மூன்றாம் எண் அறையில் தங்கியிருந்த ஜெர்மன் ஆசிரியை. விடுதிக்காரர் யோப் அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கேள்வி தெளிவாகக் காதில் விழுந்தது. விழாத மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பேச்சாளர் டாட்ஸி, உச்சியில் தங்க வண்ணம் பூசிய பறவை உட்கார்ந்திருக்கும் தன் கோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"நானா, கடல் தாண்டி வந்த பெண்மணி, உங்க நிழல்ல நிம்மதியா தூங்கி எழுந்தவங்க, ரெண்டு முட்டை கேக்குறாங்க. மஞ்சக்கரு உடையக் கூடாதாம்."

டாட்ஸி இந்தப் பதவிக்கு வருமுன் இருபது வருஷம் கேப் கோஸ்ட் பேருந்து நிலையத்தில் ஊர்ப் பெயர்களைக் கூவி ஆள் ஏற்றியவர். மஞ்சக்கரு கடற்கரை வரை கேட்டது. யோப் மெல்லத் தலையை அசைத்தார். அந்த அசைவை டாட்ஸி சமையலறைப் பக்கம் திரும்பி நான்கு வாக்கியமாக விரித்தார். சமையல்காரி அராபா அதற்குள் முட்டையைப் பொரித்து முடித்து, அது ஆறுவதையும் இவர்கள் பேசுவதையும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பட்டம் பெற்ற தலைவரை நானா என்றுதான் கூப்பிட வேண்டும். அவரோடு யாரும் நேரே பேசக் கூடாது. அவரும் பேசக் கூடாது. எல்லாம் பேச்சாளர் வழியாகத்தான். யோப், அபாகிர் என்ற அந்தக் கடலோர ஊரின் வளர்ச்சித் தலைவராகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இந்த இரண்டு வருஷத்தில் ஊர் எந்தப் பக்கம் வளர்ந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. யோப்பின் வயிறு வளர்ந்திருந்தது. அதை மறைக்கப் பளபளக்கும் கென்டே துணி ஒன்பது முழம் இருந்தது.

ஆசிரியை ஆறிப்போன முட்டையைச் சாப்பிட்டுவிட்டு, யாரிடம் நன்றி சொல்வது என்று விளங்காமல் கோல் உச்சியிலிருந்த பறவையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

யோப் கடலைப் பார்த்தபடியே இருந்தார். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் நாற்காலி கிடையாது. ஒரு தலைகீழான படகுதான் கிடந்தது. முப்பது வயதில், முதுகில் ஒரு பையோடு, ஹாலந்திலிருந்து ஆறு மாதம் சுற்றிப் பார்க்க வந்தவர் அதன்மேல் உட்கார்ந்து எதிரே இருந்த மாடி வீட்டைப் பார்த்தார். யாரோ ஒரு கோகோ வியாபாரி கட்டி, அனுபவிக்காமல் செத்துப்போன வீடு. எட்டு அறை. மேல்மாடிக் குளியலறையில் ஓர் ஆட்டுக் குடும்பம் குடியிருந்தது. வீடு எஸ்ஸில்ஃபி குடும்பத்துக்குச் சொந்தம். குடும்பத் தலைவர் பெரியவர் எஸ்ஸில்ஃபி அப்போதே கிழவர் மாதிரிதான் இருந்தார். அதற்கப்புறம் வயதாவதை நிறுத்திவிட்டார் என்று ஊரில் சொல்வார்கள்.

"ஒப்ரோனி, ஆடுங்களைக் காலி பண்றது உன் பொறுப்பு. இருபத்தஞ்சு வருஷம் எடுத்துக்கோ" என்றார். வெள்ளைக்காரனுக்கு இங்கே ஒப்ரோனி என்றுதான் பெயர்.

வெளிநாட்டுக்காரன் இந்த நாட்டில் நிலம் வாங்க முடியாது, குத்தகைக்குத்தான் எடுக்கலாம். குத்தகைக்காரன் வருஷம் ஒருமுறை வீட்டுக்காரக் குடும்பத்தின் முன்னால் வந்து, குனிந்து, இரண்டு பாட்டில் ஸ்னாப்ஸ் சாராயத்தை வைத்து, நான் உங்கள் இடத்தில் இருக்கிறவன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் போதும், அடுத்த வருஷம் அவனை யாரும் அசைக்க முடியாது. அந்த ஸ்னாப்ஸ் ஹாலந்துச் சரக்கு. தன் ஊரில் யோப் அதைத் தொட்டதுகூட இல்லை. அங்கே அதைக் குடிக்கிறவர்கள் கல்லறையில் இருந்தார்கள். இங்கே முன்னோர்களுக்கு அது இல்லாமல் ஆகாது. முதல் வருஷம் பெரியவர் எஸ்ஸில்ஃபி பாட்டிலைத் திறந்து, மூன்று சொட்டு மண்ணில் விட்டு, தன் முன்னோர்களைக் கூப்பிட்டபோது, தன்னுடைய தாத்தாவும் எங்கோ நாக்கைச் சப்புக்கொட்டுவதாக யோப்புக்குத் தோன்றியது.

விடுதிக்குப் பெயர் வைத்தது பலகை எழுதுகிறவன். யோப் ஒரு டச்சுப் பெயரைச் சொன்னார். அவனிடம் ஏதோ ஒரு சிகையலங்காரக் கடைக்காக எழுதி, வாங்கிப் போகாத பலகை ஒன்று கிடந்தது. 'பொறுமை' என்று இருந்தது. கத்தரிக்கோல் படத்தை மட்டும் அழித்து மீன் ஆக்கிக் கொடுத்தான்.

வந்த முதல் வாரமே யோப்பின் செருப்பைக் கடல் கொண்டுபோயிற்று. கரையில் கழற்றி வைத்துவிட்டு வலை இழுக்கப் போனார். திரும்பி வந்தபோது அலை வந்து போயிருந்தது. புதிதாக வாங்கவில்லை. அதன்பின் இருபத்தைந்து வருஷம் வெறுங்கால்தான். சந்தைக்கும் வெறுங்கால், மாதாகோயிலுக்கும் வெறுங்கால், வங்கி மேலாளரைப் பார்க்கவும் வெறுங்கால். உள்ளங்கால் படகின் அடிப்பலகை மாதிரி ஆகிவிட்டது. சிப்பியை மிதித்தால் சிப்பிக்குத்தான் வலிக்கும் என்பாள் அராபா.

அராபா விடுதி திறந்த நான்காம் நாள், கென்கே என்னும் மக்காச்சோள உருண்டை விற்றுக்கொண்டு வந்தவள். யோப் தானே சமைத்த மீன் குழம்பை ஒரு வாய் ருசி பார்த்தாள். வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்து, அகப்பையை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். இன்னும் திருப்பித் தரவில்லை.

அந்த நாட்களை நினைத்தால் யோப்புக்கு முதலில் கயிறுதான் ஞாபகம் வரும். விடியற்காலையில் கரைவலை இழுக்கும்போது ஊரே இரண்டு வரிசையாக நிற்கும். பாட்டுக்கு ஏற்றபடி ஒரு காலைப் பின்னால் வைத்து இழுக்க வேண்டும். விடுதியில் தங்கியவர்களையும் யோப் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவார். கை சிவந்து, மூச்சு வாங்கி, கடைசியில் வலை கரையேறி வெள்ளி மாதிரி துள்ளும்போது, நார்வேக்கார வக்கீல்கள்கூடக் கத்துவார்கள். இழுத்தவர்களுக்கு மீனில் பங்கு உண்டு. அதையே அன்று பகலில் அராபா தக்காளியும் பாமாயிலும் மிளகாயும் போட்டுக் குழம்பாக்குவாள். தான் இழுத்த மீனைத் தானே தின்பவன் சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டான். விடுதியில் தண்ணீர் வராது, விசிறி சுற்றாது, கதவு பூட்டாது. ஆனாலும் வந்தவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். சிலர் தங்கள் பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள்.

இருபத்தைந்து வருஷம் அப்படி ஒரு நாள்போலப் போயிற்று. குத்தகை முடிந்தது.

புதுப்பிக்கக் குடும்பம் கூட வேண்டும் என்றார் எஸ்ஸில்ஃபி. குடும்பம் என்றால் அவருக்கு அடுத்துப் பொறுப்புக்கு வரப்போகிற, தங்கை மகன் ஃபிஃபி. தலைநகர் அக்ராவில் கட்டடம் கட்டும் தொழில். சட்டைப்பையில் இரண்டு தொலைபேசி, இரண்டிலும் ஒரே நேரத்தில் பேசுவான். அந்த மாடி வீட்டை இடித்து நாற்பது அறை கட்டலாம் என்று ஒரு படம் வரைந்து வைத்திருந்தான். படத்தில் நீச்சல் குளம் இருந்தது, கடலைக் காணோம். யோப்புக்குத் தூக்கம் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் ஊர்த் தலைவர் நானா எகிர் ஆள் அனுப்பினார். யோப் போனபோது அவர் விசிறிக் காற்றில் உட்கார்ந்து, தன் பேச்சாளர் வழியாக விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார்: வளர்ச்சித் தலைவர் பீடம் ஒன்று சும்மாக் கிடக்கிறது. அதில் உட்கார்ந்தால் நீ ஊர்க்காரன். ஊர்த் தலைவனை எவன் காலி பண்ணச் சொல்வான்?

யோப் தயங்கினார். ஒரு பாட்டில் பீர் குடித்து முடிக்கும் நேரம் தயங்கினார். அடுத்த வாரமே அவரைப் படகு மாதிரியான பல்லக்கில் உட்கார வைத்து ஊர்வலம் விட்டார்கள். ஆறடி நான்கு அங்குல உடம்பு. முழங்கால் இரண்டும் காதோரம் நின்றன. அந்தப் படத்தைப் பெருமையோடு தமக்கைக்கு அனுப்பினார். இந்த வருஷம் மாறுவேடத் திருவிழா சீக்கிரமே வந்துவிட்டதா என்று அவள் கேட்டு எழுதியிருந்தாள்.

நானா எக்வாம் முதலாமவர் என்பது அவருக்குச் சூட்டிய பெயர். இரண்டாமவர் வரும்போதுதான் முதலாமவர் என்று போடுவது வழக்கம். டாட்ஸிக்குப் பொறுமை இல்லை.

விதிகளைப் பிறகுதான் சொன்னார்கள். தலைவர் பிறர் கண்ணில் படச் சாப்பிடக் கூடாது. ஆகவே யோப் கிடங்கில் துடைப்பங்களுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டார். சுமை தூக்கக் கூடாது, ஓடக் கூடாது, கூரை ஏறக் கூடாது. ஜூன் மழையில் ஐந்தாம் அறை ஒழுகியபோது, பெரிய குடைக்குக் கீழே நின்று தலையை அசைத்தார், ஒழுக்கு நிற்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தலைவரின் பாதம் தரையில் படவே கூடாது. பட்டால் அந்த நிமிஷமே பீடம் போயிற்று. தலைவர்கள் போடும் கறுப்புத் தோல் செருப்பு, மேலே பொன்வண்ண உருண்டைகள் வைத்தது, தூங்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் காலில் இருந்தது. குளிக்கும்போது அதற்கென்று ஒரு பலகை.

தலைவர் வீடு என்றால் தலைவர் வீடு. அக்கம்பக்கத்து ஊர்த் தலைவர்கள் பரிவாரத்தோடு வந்து தங்கினார்கள். விருந்தாளிக்கு விலைப்பட்டியல் காட்டுவது மரியாதை இல்லை. வரவேற்பறையில் வேலி வழக்குக்காரர்கள் தீர்ப்புக்காக உட்கார்ந்திருந்தார்கள். காசு கொடுத்துத் தங்குகிறவர்கள் மெல்ல மெல்லக் குறைந்தார்கள். 'உரிமையாளர் மிகவும் கம்பீரமானவர், முட்டைதான் சூடாக இல்லை' என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருந்தார். அராபா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தை ஓங்கி வைத்தாள். அவளும் இரண்டு வருஷமாக யோப்போடு நேரே பேசவில்லை. உப்புத் தீர்ந்ததைக்கூட டாட்ஸியிடம்தான் சொல்ல வேண்டும். டாட்ஸி அதை 'கடலின் வெண்மை குறைந்துவிட்டது, நானா' என்பார்.

சரி, அந்தப் புதன்கிழமை. ஆசிரியை எழுந்து போன நாற்காலியில் பெரியவர் எஸ்ஸில்ஃபி வந்து உட்கார்ந்தார். கைத்தடியைக் கால்களுக்கு நடுவே ஊன்றிக்கொண்டார். சனிக்கிழமை குடும்பம் கூடுகிறது, ஃபிஃபி வீட்டை விற்கும் காகிதத்தோடு வருகிறான் என்று டாட்ஸியின் வழியாகத் தெரிவித்தார். அந்த வீட்டால் குடும்பத்துக்கு இரண்டு வருஷமாக ஒன்றும் இல்லை. தலைவர் ஒருவர் வந்து எங்கள் முன்னால் குனிந்து, நான் உங்கள் இடத்தில் இருக்கிறவன் என்று சொல்ல முடியுமா? சொல்லாதவனுக்குக் குத்தகை எழுத முடியுமா? ஃபிஃபி கேட்பதில் தப்பு என்ன என்று குடும்பமே கேட்கிறது.

யோப் பீடத்தில் உட்கார்ந்தால் வீடு நிலைக்கும் என்றுதானே உட்கார்ந்தார். உட்கார்ந்ததால்தான் வீடு போகிறதா?

கிழவர் யோப்பின் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் குத்தகைக்காரன் ஒருத்தன் இருந்தான்" என்றார் பிறகு. "நெட்டையா இருப்பான். வெறுங்காலோட வருவான், என் தரை விரிப்பெல்லாம் மணலாக்கிட்டுப் போவான். அவன் மட்டும் சனிக்கிழமை வந்து நின்னான்னா, ஃபிஃபி என்ன, ஃபிஃபியோட அப்பன் வந்து தடுத்தாலும் கையெழுத்துப் போட்டுருவேன். ரெண்டு வருஷமா அவனைக் காணோம்."

டாட்ஸி கோலைத் தட்டினார். "நானா, பெரியவர் காணாமப்போன ஒருத்தரைத் தேடுறாராம். போலீஸ்ல சொல்லணும்னா சொல்லிடலாம்."

ஜன்னலுக்குள் அராபா இருமினாள். இருமல் மாதிரிதான் இருந்தது.

கிழவர் போய் வெகுநேரமாகியும் யோப் எழவில்லை. புரியாமல் இல்லை. புரிந்ததுதான் தொல்லை. செருப்பைக் கழற்றினால் குத்தகை. ஆனால் அதன்பின் அவர் யார்? குனிந்து ஒதுங்கும் பெண்கள் ஒதுங்க மாட்டார்கள். குடை பிடிக்க ஆள் இருக்காது. ஐம்பத்தேழு வயதில், ஒழுகும் கூரைக்கு அடியில், முட்டை கேட்டால் தானே எழுந்து போகிற ஒரு நெட்டை ஒப்ரோனி. இந்த இரண்டு வருஷத்தில் குடை நிழல் தன் தலைக்கு எவ்வளவு பொருந்திப்போயிற்று என்பதை நினைத்தபோது அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. வெள்ளி பூராவும் யோசித்தார். முடிவு எதுவும் கிடைக்கவில்லை. துடைப்பங்களுக்கு நடுவே இரண்டு வேளை சாப்பிட்டதுதான் மிச்சம்.

சனிக்கிழமை சாவுச் சடங்குகளின் நாள். கரையோர ஊர்களிலெல்லாம் கறுப்பும் சிவப்பும் உடுத்திக்கொண்டு ஆட்கள் வண்டி ஏறிவிட்டார்கள். நானா எகிரும் யோப்பும் பக்கத்து ஊர்ச் சடங்குக்குப் புறப்பட்டு, ஆளுக்கொரு குடையோடு கடற்கரைப் பாதையில் நடந்தார்கள். பின்னால் பேச்சாளர்கள், கோல்கள், ஒரு மேளம். கூட்டம் நடக்கும் எஸ்ஸில்ஃபி வீடு அதே பாதையில்தான். வாசலில் ஃபிஃபியின் கார் நின்றது. கிழவர் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

கீழே கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆள் இல்லை. நாற்பது பேர் இழுக்கிற கயிற்றை ஒரு பக்கத்துக்குப் பத்துப் பேர் பிடித்திருந்தார்கள், பாதிப் பேர் பெண்கள். வலையில் நல்ல கனம். கடலும் விடவில்லை. ஓர் அடி இழுத்தால் அரை அடி பிடுங்கிக்கொண்டது. வரிசையின் கடைசியில் அராபா, அவளுக்குப் பின்னால் அந்த ஜெர்மன் ஆசிரியை, முகமெல்லாம் சிவந்து, பாட்டின் சொற்களைத் தப்புத் தப்பாகப் பாடிக்கொண்டு.

யோப் நின்றுவிட்டார். ஊர்வலமும் நிற்க வேண்டியதாயிற்று. கயிறு நழுவிற்று. வரிசை மொத்தமும் தடுமாறி இரண்டு அடி கடலை நோக்கிப் போனது. அராபா முழங்கால் குத்தி விழுந்து, கயிற்றை விடாமல் எழுந்தாள்.

யோப் இடது காலைத் தூக்கினார். செருப்பு மணலில் விழுந்தது.

டாட்ஸிக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் கோலைக் கைவிட்டு, அப்படியே மண்டியிட்டு, தன் உள்ளங்கையை அந்தக் காலுக்கு அடியில் நீட்டினார். "நானா, வேணாம் நானா, கை மேல வைங்க" என்று கெஞ்சினார். அத்தனை வருஷத்தில் அவர் தாழ்ந்த குரலில் பேசியதை அன்றுதான் ஊர் கேட்டது. யோப் அந்தக் கையை மிதிக்காமல் தாண்டிக் காலை ஊன்றினார். இன்னொரு செருப்பையும் உதறினார்.

மேளம் நின்றது. கயிறு இழுத்தவர்கள் பாட்டை நிறுத்தி வாய் பிளந்தார்கள். நானா எகிர் குடைக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டார். பார்க்காதது நடக்கவில்லை என்று ஒரு கணம் முயன்று பார்த்தார் போலிருக்கிறது.

"பாட்டை ஏன் நிறுத்தினீங்க, வலை போகுதுல்ல" என்று அராபா கத்தினாள். பிறகு, இரண்டு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக, நடுவில் யாரும் இல்லாமல், "நீ என்ன மரம் மாதிரி நிக்கிற? வா இந்தப் பக்கம், புடி" என்றாள்.

யோப் ஓடினார். ஒன்பது முழக் கென்டே பாதி வழியில் அவிழ்ந்து மணலில் கிடந்தது. உள்ளே கட்டியிருந்த பழைய அரைக்கால் சட்டையைப் பார்த்து ஆசிரியை மட்டும்தான் சிரித்தார். மற்றவர்களுக்கு அது இருபத்தைந்து வருஷப் பழக்கம். கயிறு கையைச் சுட்டது. ஒரு காலைப் பின்னால் வைத்து, பாட்டோடு, இன்னொரு காலை வைத்து. கால் மணி நேரத்தில் வலை கரையேறியது.

மத்தியானத்துக்குள் சபை கூடி, நானா எக்வாம் முதலாமவரை இறக்கி வைத்தது. ஓர் ஆடு, இரண்டு பாட்டில் ஸ்னாப்ஸ் அபராதம். நானா எகிருக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. தண்ணீர்க் குழாய் போடும் கனடாக்காரர் ஒருவர் அடிக்கடி ஊருக்கு வந்துபோகிறார், அவருடைய கால் அளவு என்ன என்று விசாரிக்கச் சொன்னார்.

எஸ்ஸில்ஃபி வீட்டுக் கூட்டத்தில் ஒரு நெட்டை மனிதர், கால் முழுக்க மணலும் மீன் செதிலுமாக வந்து குனிந்து, இரண்டு பாட்டிலை வைத்து, நான் உங்கள் இடத்தில் இருக்கிறவன் என்றார். ஃபிஃபி ஒரு தொலைபேசியை மட்டும் கீழே வைத்தான்.

"இவரு ஊர்த் தலைவராச்சே மாமா" என்றான்.

"அது காலைல" என்றார் கிழவர். காகிதத்தை வாங்கினார். இருபது வருஷம் என்று எழுதச் சொன்னார். பிறகு யோப்பின் காலடியில் தரை விரிப்பில் கிடந்த மணலைப் பார்த்தார். பாட்டிலைத் திறந்து மூன்று சொட்டு அதன்மேலேயே விட்டார்.

மறுநாள் காலை யோப்பால் நடக்க முடியவில்லை. இரண்டு வருஷம் தோல் செருப்புக்குள் இருந்த உள்ளங்கால் ரொட்டி மாதிரி வெளுத்து மெத்தென்று ஆகிவிட்டிருந்தது. சுட்ட மணல் அதில் நாலு இடத்தில் கொப்புளம் போட்டிருந்தது. அதே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வாளிக் கடல் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டிருந்தார். சந்தையில் விற்கும் ரப்பர் செருப்பு ஒன்றை அராபா அவர் மடியில் எறிந்துவிட்டுப் போனாள். தோல் கெட்டியாகுற வரைக்கும் போட்டுக்கோ, அப்புறம் கடலுக்குக் குடு என்று சொல்லியிருந்தாள்.

டாட்ஸி வாசலில் நின்றார். கோலைச் சபை வாங்கிக்கொண்டுவிட்டது. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கேப் கோஸ்ட் பேருந்து நிலையத்தில் பொறுமை விடுதிக்கு ஆள் கூவ முடியுமா என்று யோப் கேட்டிருந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றிருந்தார். ஆனால் தொண்டையைச் செருமிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆசிரியை வந்து எதிரே உட்கார்ந்தார். கையில் கயிறு அறுத்த காயத்துக்குத் துணி சுற்றியிருந்தது. இரண்டு முட்டை கிடைக்குமா என்று கேட்டார்.

யோப் பழக்கத்தில் கடலைப் பார்த்தார். யாராவது தரையைத் தட்டுவார்கள் என்று காத்திருந்தார்.

"உன்னைத்தான் கேக்குறாங்க" என்றாள் அராபா ஜன்னலுக்குள்ளிருந்து.

அவர் வாளியிலிருந்து காலை எடுத்தார். ரப்பர் செருப்பை மேசை மேல் வைத்துவிட்டு, குதிகாலை மட்டும் ஊன்றி, ஒவ்வோர் அடிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு சமையலறைக்கு நடந்தார். சிமெண்டுத் தரையில் அவர் போன வழியெல்லாம் ஈரம் பதிந்து கிடந்தது.